பாராமகால்: படையெடுப்புக்குப் பின் வந்த கணக்கு

ஓசூர் ஏன் தமிழ்நாட்டில் இருக்கிறது? கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக நெடுஞ்சாலை 44இல் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இராது. ஐம்பது கிலோமீட்டருக்குள் நிலம் ஏறத்தாழ நானூறு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. காற்று மாறுகிறது, மண் சிவக்கிறது, கடைப் பலகைகளில் மூன்று எழுத்துகள் தென்படுகின்றன. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா அலுவலகத்தில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் இங்கே சாதாரணம். நிலவியல்படி பார்த்தால் இது மைசூர்ப் பீடபூமியின் ஒரு துண்டு. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். சென்னை முந்நூறுக்கும் மேல்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், 1956 மொழிவாரி மாநிலப் பிரிவினை. அது பாதிப் பதில்தான். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. சேலம் மாவட்டத்தின் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஆனால் பீடபூமியின் மேல் கிடக்கும் ஒரு வட்டம் சேலம் மாவட்டத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கு 1956இல் விடை இல்லை. 1799இல் இருக்கிறது. அந்த 1799க்குக் காரணம், 1791 கோடைக்குப் பிறகு கணவாய்களைப் பிடிக்க நடந்த ஒரு படை நடவடிக்கை. கிருஷ்ணகிரி, ஓசூர், இராயக்கோட்டை மூன்றையும் இணைத்து அந்த நடவடிக்கையையும் அதன் பின்விளைவுகளையும் ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைத்தொடருக்குக் கீழே கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், திருப்பத்தூர், வாணியம்பாடி எனப் பரந்த நாட்டுக்குப் பாராமகால் என்று பெயர். விஜயநகரத்தின் கடைசிக் காலத்தில் இப்பகுதியை ஆண்ட ஜெகதேவராயரோடு சேர்த்துப் பன்னிரண்டு கோட்டைகளின் கதை சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகராஜகடை ஆகியவை பெரும்பாலான பட்டியல்களில் வரும். இந்த நாடு அதற்கு வெகுகாலம் முன்பே எல்லை நாடு. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று யாருடைய ஆட்சியும் முழுதாகப் பிடிபடாமல் கை மாறிய நிலம். தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில்தான். ஆநிரை கவர வந்தவனோடு பொருது செத்தவன், கவரப்போய்ச் செத்தவன், இருவருக்குமே கல் நட்டிருக்கிறார்கள். கால்நடையே செல்வமாயிருந்த எல்லை நாட்டில் கொள்ளைக்கும் வீரத்துக்கும் நடுவே கோடு போடுவது எளிதல்ல.

இங்கே கடல் கடந்த ஒரு நாட்டை நினைத்துக்கொள்வது பயன் தரும். அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ மக்களுக்கும் நியூ மெக்சிகோக் குடியேற்றக்காரர்களுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்ததும் ஆட்டு மந்தைக் கொள்ளைதான். ஆள் பிடித்து அடிமையாக்குவதும் அதனோடு சேர்ந்து இரு பக்கமும் நடந்தது. 1863இல் ஜெனரல் கார்ல்டன் அதற்கு ஒரேயடியாக முடிவு கட்டத் தீர்மானித்தார். ஜூலை 20க்குள் சரணடையாத நவஹோ எவரும் பகைவரே என்று அறிவித்துவிட்டு, கிட் கார்சன் தலைமையில் படையை அனுப்பினார். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. கார்சன் சோள வயல்களை அழித்தார், ஆடுகளைப் பிடித்தார், நீர்நிலைகளைக் காவலில் வைத்தார். 1864 ஜனவரியில் படை கன்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. அந்த ஆண்டிலேயே அங்கிருந்த பீச் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. பசி வேலையைச் செய்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே போஸ்கே ரெடோண்டோ என்ற முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

துப்பாக்கியைவிடத் தானியமே எல்லைப் போரைத் தீர்மானிக்கும் என்பதை இந்தப் பக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் தோற்றுத்தான் கற்றார்கள். முதல் மைசூர்ப் போரில், 1767இல், கிருஷ்ணகிரி மலையைத் தாக்கித் தோற்றார்கள். மறுஆண்டு முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட பிறகுதான் கோட்டை சரணடைந்தது. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 1768 நவம்பரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஓசூரை வளைத்தார். காப்பாற்ற வந்த கர்னல் உட், பளுவான பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூர்க் கோட்டையில் விட்டுவிட்டு ஓசூருக்கு ஓடினார். ஹைதர் சுற்றிக்கொண்டு வந்து பாகலூரில் விழுந்தார். பீரங்கியும் தளவாடமும் போயின. இன்று ஓசூரில் வீட்டுமனை விற்பவர்கள் நகரத்தின் புறநகர் என்று சொல்லும் பாகலூர்தான் அது. 1769 ஏப்ரலில் மதராஸ் உடன்படிக்கை. பிடித்த இடமெல்லாம் மைசூருக்கே திரும்பியது.

மூன்றாம் போரின் தொடக்கமும் அப்படித்தான். 1790 அக்டோபரில் கர்னல் மேக்ஸ்வெல் பாராமகாலுக்குள் நுழைந்து காவேரிப்பட்டினத்தருகே முகாமிட்டார். ஹைதரின் மகன் திப்பு கணவாய் இறங்கி வந்து அவரைச் சுற்றி ஆட்டம் காட்டினார். நவம்பரில் ஜெனரல் மெடோஸின் படை வந்து சேர்ந்ததும் திப்பு தோப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே நழுவித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். அடுத்த ஆண்டு கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தாமே தலைமை ஏற்றார். பாராமகால் கணவாய்களை நம்பாமல் வடக்கே முக்ளி கணவாய் வழியாக ஏறி, மார்ச் 21 அன்று பெங்களூரைப் பிடித்தார். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டினம் போகும் நேர்வழியில் புல்லும் வைக்கோலும் இல்லாதபடி திப்பு எரித்துவிட்டிருந்தார். மே மாதம் காரன்வாலிஸ் தலைநகரை நெருங்கினார், களத்தில் வென்றார், வென்ற பிறகும் நிற்க முடியவில்லை. இழுவை மாடுகள் செத்து விழுந்தன. முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். கார்சன் நவஹோக்களுக்குச் செய்ததை இங்கே திப்பு கும்பெனிப் படைக்குச் செய்தார். பட்டினி என்னும் ஆயுதத்துக்கு இனம், கொடி எதுவும் தெரியாது.

ஓசூர் மறுபடி வரலாற்றில் நுழைவது இந்தத் தோல்விக்குப் பிறகு. காரன்வாலிஸுக்கு இப்போது தேவை, அன்று கர்நாடகம் எனப்பட்ட கீழைச் சமவெளியிலிருந்து அரிசி ஏறிவர ஒரு பாதை. அந்தப் பாதை பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போனது. 1791 ஜூலை நடுவில் படை நெருங்கியதும் ஓசூர்க் கோட்டைக் காவலர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். ஓடுமுன், சிறையிருந்த ஐரோப்பியக் கைதிகளைக் கொன்றார்கள். அவர்களில் ஹாமில்டன் என்பவரைக் கொண்டுதான் திப்பு கோட்டையைப் புதுப்பித்தார் என்ற கதை ஓசூரில் நெடுநாள் வழங்கியது. சேலம் மாவட்டக் கையேடு எழுதியவர்களும் விடாமல் எடுத்துக்கொண்டார்கள். இராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையை ஜூலை 20 அன்று மேஜர் கௌடி தாக்கிப் பிடித்தார். நிமிர்ந்து நிற்கும் பாறைமேல் இருந்த மேல்கோட்டை அவரிடமிருந்த ஆள்பலத்தால் பிடிக்கக்கூடியதே அல்ல. ஆனால் பெரும்படை கண்ணில் பட்டதும் காவல் தலைவர் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவிட்டார். அஞ்செட்டி துர்க்கம் உள்ளிட்ட சுற்றுக் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கணவாய் திறந்தது. ஆகஸ்டில் ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்த முதல் பெரிய தொடர் எப்படி இருந்தது என்று போர் வரலாறுகள் குறித்து வைத்திருக்கின்றன. பணம் சுமந்த நூறு யானைகள் இரண்டிரண்டாக முன்னே வர, பின்னே அரிசிப் பொதி ஏற்றிய ஆறாயிரம் மாடுகள், சாராயப் பீப்பாய் ஏற்றிய நூறு வண்டிகள், தலைச்சுமைக் கூலிகள் பல நூறு பேர். இதைத் தடுக்கத் திப்புவின் தரப்பில் ஆள் இல்லை. பீடபூமியில் கும்பெனிப் படைக்குத் தானியம் சேர்த்தவர்கள் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு எந்தப் படைக்கும் விற்பனை செய்த நாடோடி வணிகர்கள். அன்று காரன்வாலிஸின் வயிறு அவர்கள் கையில். அடுத்த நூற்றாண்டில் சாலையும் ரயிலும் அவர்கள் தொழிலைத் தின்ற பிறகு, அதே ஆட்சி லம்பாடிகளில் பலரைக் குற்றப் பரம்பரைப் பட்டியலில் சேர்த்தது. நன்றி என்பது எந்தப் படைக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

கிருஷ்ணகிரி மட்டும் விழவில்லை. நவம்பர் 7 இரவு மேக்ஸ்வெல் பேட்டையைப் பிடித்தார், கீழ்க்கோட்டையைப் பிடித்தார், ஓடுகிறவர்களோடு ஒட்டி மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று படை மேலே ஏறியது. வாயில் அடைபட்டது. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள் ஏணி சுமந்தவர்களையும் ஏணிகளையும் நசுக்கின. அதிகாரிகள் உட்படப் பலரை இழந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்று சொல்லும் அந்தக் குன்றில் இன்று ஏறிப் பார்த்தாலே போதும். செங்குத்துப் பாறையில் இருட்டில் ஏணியோடு ஏறச் சொன்ன உத்தரவு எவ்வளவு மூடத்தனமானது என்பது விளங்கும். தாக்குதலில் விழாத கோட்டை காகிதத்தில் விழுந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படி பாராமகாலும் சேலம் நாடும், மலபாரோடும் திண்டுக்கல்லோடும் சேர்ந்து கும்பெனிக்கு வந்தன.

காரன்வாலிஸ் பாராமகாலைக் கேட்டு வாங்கியதற்கு வருவாய் மட்டும் காரணமல்ல. அந்தக் கர்நாடகச் சமவெளிக்குள் மைசூர்க் குதிரைப்படை இறங்கும் வாசலை அடைப்பதே முதன்மை. ஓசூர் அப்போது திப்புவிடமே திரும்பிப் போயிருந்தது. எல்லை இராயக்கோட்டையில் நின்றது. 1799 மார்ச் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸ் தம் பெரும்படையோடு அந்த இராயக்கோட்டையிலிருந்துதான் மைசூருக்குள் புகுந்தார். மே 4இல் திப்பு மடிந்தார். ஜூனில் கும்பெனியும் நிஜாமும் மைசூரைப் பங்கு போட்டபோது ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் கும்பெனிப் பங்காயிற்று. கணவாயின் இரு முனையும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்ற படைத் தேவையே இங்கே கோடு கிழித்தது. மொழி, நிலவியல் எதையும் அது பார்க்கவில்லை. பிற்பாடு வந்த மாநில எல்லை அந்தக் கோட்டின் பேரப்பிள்ளை.

நவஹோ மக்களுக்கு நேர்ந்த நெடுநடை இந்த மண்ணில் நடந்ததா? பாராமகாலில் கும்பெனி அப்படி யாரையும் கூட்டமாகப் பெயர்க்கவில்லை. கூட்டமாகப் பெயர்த்தல் அக்காலத்தில் இந்தப் பகுதிக்குத் தெரியாததும் அல்ல. மங்களூர்க் கிறித்தவர்களையும் குடகு மக்களையும் 1784, 1785 ஆண்டுகளில் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு ஓட்டிச் சென்றது திப்பு. எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் சண்டையிடுகிறார்கள். நடந்ததில் சண்டை இல்லை. திப்புவை ஏகாதிபத்திய எதிர்ப்பு வீரராக மட்டும் வரைபவர்களும் கொடுங்கோலராக மட்டும் வரைபவர்களும் பாராமகாலைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு படமும் இங்கே சரியாகப் பொருந்தாது.

கார்சனின் முறைக்கு மிக நெருங்கிய உதாரணத்தை இந்த வட்டாரம் பார்த்தது பதினெட்டாம் நூற்றாண்டில் அல்ல, நம் காலத்தில். 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கால்நடைகள் கொல்லப்பட்டன. 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எல்லைக் காட்டில் ஒளிந்தவனைப் பிடிக்க முடியாத அரசு, அங்கே வாழ்பவரைத் தண்டிக்கும் பழக்கம் பீரங்கிக் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

இனி பாளையக்காரர்கள். பாகலூர், சூளகிரி, பேரிகை, அங்குசகிரி எனச் சிறு பாளையங்கள் இந்த மேட்டு நிலத்தில் இருந்தன. தெற்கே கட்டபொம்மனுக்குக் கும்மி உண்டு, கொங்கிலே தீரன் சின்னமலைக்குச் சிலை உண்டு. ஓசூர்ப் பாளையக்காரர்களுக்கு ஏன் எதுவும் இல்லை? என் கணிப்பு இது: அவர்களை ஒடுக்கியது மைசூர். ஹைதரும் திப்புவும் பாளையங்களைக் கலைத்து நேரடி வசூலுக்கு ஆள் வைத்தார்கள். ஆகவே 1791இல் வந்த கும்பெனி அவர்கள் கண்ணுக்குப் பழைய இடத்தை மீட்டுத் தரும் துணையாகத் தெரிந்தது. கார்சன் படையோடு உடன் போன யூட் மக்களும் நவஹோக்களின் பழைய பகைவரே. எல்லை நாட்டில் வீரம் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்தே பாட்டு பிறக்கிறது.

உண்மையான மாற்றம் போர் முடிந்து, படை கலைந்த பின் தொடங்கியது. 1792இல் பாராமகாலுக்குப் பொறுப்பாளராக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே கிருஷ்ணகிரியில் கிரஹாம், நாமக்கல்லில் மக்லியோட், தருமபுரியில் தாமஸ் மன்றோ. நால்வருமே படை அதிகாரிகள். மதராஸ் சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி தெரியாது, கை சுத்தமும் கிடையாது என்பது காரன்வாலிஸின் முடிவு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போருக்கு முன் ரீடும் மன்றோவும் ஆம்பூரில் உளவு வேலை பார்த்தவர்கள். எந்தக் கணவாயில் எவ்வளவு புல் கிடைக்கும், எந்த ஊரில் எத்தனை மாடு, எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்று சேகரித்த அதே கண்கள்தான் பிறகு வயல் வயலாக அளந்தன. நியூ மெக்சிகோவில் கார்சனும் படைத்தலைவர் ஆவதற்கு முன் யூட் மக்களுக்கான அரசு முகவராக இருந்தவரே.

ரீடின் அளவை நாட்டை நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று பிரித்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறித்தது. 1796 டிசம்பரில் அவர் வெளியிட்ட அறிவிப்பின் சாரம்: தீர்வை வயலின்மேல், விருப்பம்போல் உழவர் வயலை வைத்திருக்கலாம், விட்டுவிடலாம், கிணறு வெட்டி, மரம் நட்டு நிலத்தைத் திருத்தினாலும் தீர்வை ஏறாது. பிற்காலத்தில் ரயத்துவாரி என்று தென்னிந்தியாவில் பரவிய முறையின் கரு இதுதான். மன்றோ ஏழாண்டு தருமபுரியில் இருந்து, முதலில் தயங்கி, பிறகு இதன் பெரிய வழக்கறிஞரானார். 1820இல் மதராஸ் கவர்னரானதும் மாகாணத்தின் பெரும்பகுதியில் நடத்தினார்.

இதை எப்படி மதிப்பிடுவது என்பதில் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். லெஃபானு எழுதிய 1883 கையேடும் ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரும் இதை நல்லாட்சியின் தொடக்கமாகவே எழுதின. நீல்மணி முகர்ஜி 1962 நூலில் வசூல் நடைமுறையின் உள்ளே போய், சட்டத்தில் இருந்த உரிமை வயலில் எவ்வளவு தேய்ந்தது என்று காட்டினார். பர்ட்டன் ஸ்டைன் 1989இல் இன்னொரு படி போனார்: இடையிலிருந்த பாளையக்காரர் போன்ற அதிகாரங்களை ஒழித்து, படைக்குப் பணம் நேராக வரச் செய்யும் ஏற்பாடே ரயத்துவாரி, அந்த வழியில் அது திப்புவின் கொள்கையின் தொடர்ச்சி. எனக்கு ஸ்டைன் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. உழவர்மேல் கொண்ட பரிவு மன்றோவின் கடிதங்களில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் தீர்வை விகிதத்தில் அந்தப் பரிவு குறைவு.

இடையில் ஒரு குழப்பமும் நடந்தது. ரீட் 1799இல் போனதும், வங்காளப் பாணியில் நிலத்தைத் துண்டுபோட்டு மிட்டாக்களாக ஏலம் விட்டார்கள். பலர் கிஸ்தி கட்ட முடியாமல் வீழ்ந்தார்கள். எஞ்சிய மிட்டாக்களையும் பாளையங்களையும் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான் முடித்து வைத்தது.

ஓசூருக்குப் போர் விட்டுச்சென்ற மற்றொன்று மத்திகிரி. கும்பெனிப் படைக்குக் குதிரை தயார் செய்ய 1824இல் தொடங்கிய பண்ணை அது; ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். நூறாண்டு கழித்துக் கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் இயங்குகிறது. மேட்டு நிலத்தின் குளிரும் புல்லும் குதிரைக்கு ஏற்றவை என்று கண்டவர்கள் படைக்காரர்கள். 1970களில் சிப்காட் வந்தபோது வேறொரு கணக்கு முன்னே நின்றது: பெங்களூரின் வாசலில், தமிழ்நாட்டின் சலுகையோடு நிலம். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என ஆலைகள் வந்தன. அண்மையில் போச்சம்பள்ளி வரை மின்வண்டித் தொழிற்சாலை, ஓசூருக்குத் தெற்கே கைபேசி பாகத் தொழிற்சாலை. பெங்களூரின் சந்தையும் ஆள்பலமும் ஒரு மாநிலத்தில், மலிவான நிலமும் சலுகையும் அடுத்த மாநிலத்தில் என்று பிரிந்து கிடப்பதுதான் இந்தத் தொழில் வட்டத்தின் முதல். எல்லை வேறு இடத்தில் விழுந்திருந்தால் ஓசூர் இன்னுமொரு பெங்களூருப் புறநகர், அவ்வளவே.

நவஹோக்கள் 1868 ஜூன் 1 அன்று, பார்போன்சீட்டோ முதலான தலைவர்கள் ஜெனரல் ஷெர்மனோடு கையெழுத்திட்ட உடன்படிக்கைப்படி தம் மண்ணுக்கே திரும்பினார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் அரிதாக அவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் அந்த மண்ணின் பெரும்பகுதி இன்றும் மைய அரசு அறக்கட்டளையாக வைத்திருப்பது. 1930களில் மேய்ச்சல் நிலம் கெடுகிறது என்று அரசே அவர்கள் ஆடுகளைக் குறைத்தபோது அவர்களால் தடுக்க முடியவில்லை. பாராமகால் உழவரிடம் இருப்பது பட்டா. அளந்தவர், தீர்வை விதித்தவர், கொடுத்தவர் எல்லாம் அரசு. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் புதிய சிப்காட்டுக்கு விளைநிலம் தர மாட்டோம் என்று காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் கையில் பிடித்திருந்ததும் அதுதான்.

அத்தகைய நிலத்தை எடுக்க அரசிடம் உள்ள கருவி, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நில எடுப்புச் சட்டம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.